துவக்குத் தொலைகாட்டி: குறைந்த செலவில் நல்லதைத் தெரிந்தெடுத்தல்

நெற்கதிர் பால் பிடித்து மணி முற்றுங் காலத்திற் காட்டோர வயல்களில் உறக்கமில்லை. ஓர் இரவிற் புகும் பன்றிக் கூட்டம் உண்பது கொஞ்சம். உழக்கிச் சாய்ப்பது அதிகம். மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் முதலிய மேட்டுநிலப் பயிர்களுக்கும் இதே கதிதான். ஆகவே, அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கோடு பரணிற் காவலிருக்குங் கமக்காரர் பலர் உளர். துவக்கின் மேற் பொருத்துஞ் சிறு தொலைகாட்டியை வாங்கலாமா என்று அவர்களுட் சிலர் விசாரிக்கின்றனர். கடைகளில் இதனை ‘ஸ்கோப்’ என்று கேட்டாற்றான் எடுத்துக் காட்டுவர். விலையோ சில ஆயிரம் ரூபா முதல் ஒரு போகத்து விளைச்சலையே விழுங்கத்தக்க தொகை வரைக்கும் உண்டு. யாருக்கு இது வேண்டும், யாருக்கு வேண்டியதில்லை, வாங்குவோர் எதற்குப் பணங் கொடுக்க வேண்டும் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. தொலைகாட்டி கண்ணின் எல்லையை நீட்டும். தோட்டாவின் எல்லையை ஓர் அடியேனும் நீட்டாது. இதனை மறந்தவர்களே பணத்தையும் இழந்து, காயப்பட்ட விலங்கைக் காட்டுக்குள் ஓடவும் விடுகின்றனர். இரவிலே வரம்பில் நடமாடும் உருவம் பன்றியா, நீர் பார்க்க வந்த அயல் வயற்காரரா என்று ஐயமறத் தெரிந்துகொள்ளுதல் எல்லாவற்றிலும் முக்கியமானது. நல்ல தொலைகாட்டி எது என்பதற்கு இந்நோக்கமே அளவுகோல்.

எத்துவக்குக்கு வேண்டும்?

எமது கமக்காரரிடம் உள்ளவற்றுட் பெரும்பாலானவை ‘டுவெல்வ் போர்’ எனப்படும் வேட்டைத் துவக்குகளே. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் அகலமுடைய குழலென்பது அப்பெயரின் பொருள். அவ்வகலம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இதிற் பன்றிக்கு இடுவது பெரும்பாலும் எஸ்.ஜி. தோட்டா. பிரித்தானிய அளவின்படி எஸ்.ஜி. சன்னம் எட்டு ஓர் அவுன்சு நிறையுடையது. ஆகவே, வழக்கமான தோட்டாவொன்றில் எட்டு அல்லது ஒன்பது சன்னங்களே இருக்கும். குழலின் வாயை விட்டு நீங்கியதும் இவை விரிந்து செல்கின்றன. முப்பது யார் வரையில் அவற்றுட் பல விலங்கின் மேற் படும். நாற்பது யாரைக் கடந்தால் எத்தனை படும், எங்கே படும் என்று ஒருவராலுஞ் சொல்ல இயலாது.

இவ்வளவு கிட்டிய தூரத்துக்குக் குழல் முனையிலுள்ள சிறு குமிழே போதும். எஸ்.ஜி. தோட்டா இடும் துவக்குக்குத் தொலைகாட்டி வாங்குதல் அனாவசியச் செலவு என்பது எமது கருத்து. அதனாற் கேடும் உண்டு. எழுபது யாரில் நிற்கும் பன்றி தொலைகாட்டியிற் பக்கத்தில் நிற்பதுபோலத் தோன்றும். கை விசையைத் தேடும். ஒரு சன்னம் வயிற்றிற் பாய்ந்த பன்றி பற்றைக்குள் ஓடிப் படுக்கும். அதனை மறுநாட் காலை தேடிச் செல்பவரின் நிலை எத்தகையதென்று அனுபவமுள்ள கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டைக் குழற் றுவக்கில் இன்னொரு இடர் உண்டு. இரு குழல்களும் சற்றுத் தூரத்திற் சென்று ஒன்றுகூடுமாறு சாய்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தொலைகாட்டியை இரண்டுக்கும் நுட்பமாகக் குறிசீர் செய்தல் எளிதன்று. மேலும், அதனைப் பொருத்துதற்குத் தக்க தட்டையான இடமும் அத்தகைய துவக்குகளிற் பெரும்பாலும் இல்லை. ஊர்க் கொல்லரிடங் கொடுத்துக் குழலிலே துளை போடுவித்தவர்கள் உண்டு. வெடிமருந்தின் அமுக்கத்தைத் தாங்குவது அக்குழற் சுவரே. அதில் எவ்விடத்திலுந் துளையிடுதல் உயிருக்கு ஆபத்து.

தொலைகாட்டி உண்மையிற் பயன்படுவது, ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் றைபிளுக்கே. அனுமதிப்பத்திரத்தோடு றைபிள் வைத்திருப்போர் சிலரே எனினும், அவர்களுக்கு அது நல்ல துணையாகும். சிறப்பாக வயது சென்றோருக்கு அதனால் மிகுந்த நன்மை உண்டு. காரணம் இது: சாதாரண றைபிளிற் குறிபார்க்கும்போது பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் ஒரு கோட்டில் வருதல் வேண்டும். பின்குறி கண்ணுக்கு ஓரிரு அடி தூரத்தில் உளது. முன்குறி ஒரு பாகத்துக்கும் குறைவான தூரத்தில். இலக்கோ ஐம்பது அறுபது யாருக்கு அப்பால். இளங்கண் இம்மூன்றுக்கும் இடையே விரைந்து மாறிக்கொள்ளும். நாற்பத்தைந்து வயதைக் கடந்த கண்ணால் அவ்வாறு மாற முடிவதில்லை. ஒன்று தெளிந்தால் மற்றையது கலங்கும். தொலைகாட்டியினுள்ளே தெரியுங் குறுக்குக் கம்பியும் இலக்கின் விம்பமும் ஒரே தளத்தில் அமைவதாற் கண் ஒன்றை மட்டும் நோக்கினாற் போதும்.

உருப்பெருக்க மயக்கம்

தொலைகாட்டியின் மேல் 4×32 என்றோ 3–9×40 என்றோ பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது எண், பொருளை எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, முன்புறத்து வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். 3–9 என இரண்டு எண்கள் இருப்பின், பெருக்கத்தை அவற்றிடையே கூட்டிக் குறைக்கலாம் என்பது பொருள். வாங்க வருவோர் முதலாவது எண்ணை மட்டுமே பார்த்து மயங்குகின்றனர். விற்போரும் அதனையே பெரிதாக அச்சிட்டுக் காட்டுகின்றனர்.

குளத்தின் கீழ் வயல் செய்யும் முதியவர் ஒருவர், தாம் பன்னிரண்டு மடங்கு பெருப்பிக்கும் மலிவான தொலைகாட்டியொன்றை வாங்கியதை எமக்குக் காட்டினார். “பகலிலே இதனூடு பார்த்தாற் காகத்தின் கண்ணையும் எண்ணலாம், ஐயா, இரவிலே பன்றியையே காணோம்” என்றார். அவர் கண்ணிலே குற்றமில்லை. தொலைகாட்டியைச் செய்தவரிலும் முழுக் குற்றஞ் சொல்வதற்கில்லை. குற்றம் கணக்கிலே இருந்தது.

அக்கணக்கு மிக எளிது. இரண்டாவது எண்ணை முதலாவது எண்ணாற் பிரித்தால் வருவது, தொலைகாட்டியின் பின்புறத்திலிருந்து வெளிப்படும் ஒளிக் கற்றையின் விட்டமாகும். 4×32 இல் அது 8 மில்லிமீற்றர். அம்முதியவரிடம் இருந்தது 12×32; அதில் 2.7 மில்லிமீற்றருக்குங் குறைவு. மனிதனின் கண்மணி இருளிலே விரிந்து, இளமையில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றரும், ஐம்பது வயதுக்கு மேல் ஏறக்குறைய 5 மில்லிமீற்றரும் ஆகின்றது. கண்மணி ஏற்கத்தக்க ஒளியில் ஒரு பகுதியையே 2.7 மில்லிமீற்றர்க் கற்றை கொடுக்கும். ஆகவே விம்பம் பெரிதாயினும் இருண்டு தோன்றும். 4×32 ஓ கண் ஏற்கத்தக்க அளவு முழுவதையும் கொடுத்து மேலும் மிஞ்சுகின்றது. அந்தியிலும் நிலவிலும் பார்ப்போருக்கு இக்கற்றை 5 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது.

இதனைக் கடையிலேயே கண்ணாற் காணலாம். தொலைகாட்டியை ஒரு கை நீளத்துக்கு அப்பாற் பிடித்து, வெளிச்சமான சுவரையோ வானத்தையோ நோக்கித் திருப்பினால், பின்புற வில்லையில் ஒரு சிறு ஒளிவட்டந் தெரியும். அதுவே நாம் சொன்ன கற்றை. அது வட்டமாகவும், ஓரங் கூர்மையாகவும், எங்கும் ஒரே வெண்மையாகவும் இருத்தல் வேண்டும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதனூடு பார்க்கலாகாது. கண் ஒரு கணத்திற் கெட்டுவிடும்.

பெருக்கம் கூடும்போது பார்வைப் பரப்புச் சுருங்குவது மற்றொரு குறை. நான்கு மடங்கில் நூறு யார் தூரத்திற் சுமார் 30 அடி அகலத்தைக் காணலாம். ஒன்பது மடங்கிற் சுமார் 13 அடியே. அதே தொலைகாட்டியால் நாற்பது யாரிற் பார்த்தால் ஐந்து அடி அகலந்தான் தெரியும். அவ்விடத்தில் நிற்கும் பன்றி பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் முதுகு மயிரைக் காணலாமேயன்றி அதற்குப் பின்னால் ஆளோ மாடோ நிற்பதைக் காண இயலாது. கையின் நடுக்கமும் அதே மடங்கிற் பெருத்துத் தோன்றும். ஆதலின் எமது வயல்களுக்கு நான்கு மடங்கு போதும். நெருங்கிய பற்றைக்காட்டோரத்தில் இரண்டரை மடங்கே மேலானது.

பெருக்கத்தை மாற்றும் வசதி வேண்டுமா? விலையுயர்ந்தவற்றில் அது நன்மையே. மலிவானவற்றில் அவ்வசதிக்காகக் கூடுதல் வில்லைகளையும் அசையும் உறுப்புகளையும் உள்ளே வைத்து, அதற்காகும் செலவை வில்லையின் தரத்திற் குறைத்துவிடுகின்றனர். ஒரே விலைக்கு இரண்டு கிடைக்குமாயின், மாறாத பெருக்கமுடையதே பெரும்பாலுந் தெளிவாகக் காட்டும், பழுதாவதுங் குறைவு.

மலிவானது கெட்டது என்றில்லை

அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டு வரை துவக்குத் தொலைகாட்டி என்பது பெரும்பாலும் வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. அவ்வாண்டில் வீவர் என்பவர் தமது 330 என்னும் தொலைகாட்டியைப் பத்தொன்பது டொலருக்கு விற்கத் தொடங்கினார். மெல்லிய முக்கால் அங்குல உருக்குக் குழாய், இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பெருக்கம், அவ்வளவே. சாதாரண வேட்டைக்காரர் அதனை விரும்பி வாங்கினர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையும் அவ்வகைத் தொலைகாட்டியைத் தன் குறிகாரருக்கு எடுத்துக்கொண்டது. வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தால் மலிவான பொருளும் நின்று பிடிக்கும் என்பதற்கு இது சான்று. இன்று மலிவாக விற்கப்படுபவற்றிற் பல இதற்கு நேர்மாறானவை. ஒளிரும் விளக்கு, பல நிறக் குறி, தூரங் கணிக்கும் கோடுகள் என ஒவ்வொன்றையும் சேர்த்து, வில்லையைக் கைவிட்டவை.

வில்லையின் மேற்பூச்சு விலையைத் தீர்மானிப்பனவற்றுள் ஒன்று. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன் மேற் படும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து வில்லைகளுடைய தொலைகாட்டியிற் பத்து முகங்கள். அவ்வளவையும் கடந்து வரும்போது ஒளியின் மூன்றிலொரு பங்கு இழந்துபோகும். 1935 இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சிமக்குலா என்பவர் வில்லை மேல் மிக மெல்லிய படலமொன்றைப் படியவைத்து இவ்விழப்பைப் பெரிதுங் குறைக்கும் முறையைக் கண்டார். இன்று நல்ல தொலைகாட்டிகளில் எல்லா முகங்களுக்கும் பல படலங்கள் இடப்படுகின்றன. மலிவானவற்றில் வெளிமுகத்துக்கு மட்டும் இடுவதும் உண்டு. மின்குமிழின் கீழே வில்லையைச் சாய்த்துப் பார்க்கவும். அதிலே தெரியும் குமிழின் பிரதிபலிப்பு மங்கலாகவும், ஊதா அல்லது பச்சை சாயலாகவும் இருப்பின் பூச்சு உண்டு. வெள்ளை வெளேரெனத் தெரிந்தால் இல்லை. மாணிக்கக் கல்லைப்போலச் செக்கச் சிவந்து பளபளப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். அவ்வில்லை செவ்வொளியை உள்ளே விடாது வெளியே வீசுகின்றது. அந்தியில் அதனாற் பயன் குறைவு.

குறுக்குக் கம்பியையும் கவனித்தல் வேண்டும். மயிரிழைபோன்ற கம்பி பகலில் அழகாயிருக்கும், இருட்டினால் மறைந்துவிடும். ஓரங்களிற் றடித்து நடுவில் மட்டும் மெலிந்த கம்பியே காவலுக்கு ஏற்றது. அமெரிக்காவின் லியூப்போல்ட் நிறுவனம் 1962 இல் ‘டியூப்பிளெக்ஸ்’ என்று வெளியிட்ட இவ்வமைப்பு இப்பொழுது எங்கும் வழக்கில் உளது. நடுப்புள்ளி ஒளிரும் வகையை வாங்குவோர், ஒளியை மிகச் சிறிதாகக் குறைக்க முடிகின்றதா என்று இருண்ட அறையிற் பார்த்துக்கொள்ளவேண்டும். மலிவானவற்றின் ஒளி கண்ணைக் கூசச் செய்து, இருளுக்குப் பழகிய பார்வையைக் கெடுத்துவிடும்.

மாரியும் பனியும் எமது பகைவர். காற்றும் ஈரமும் குழாயினுட் புகுந்தால் விடியற்காலையில் வில்லை உட்புறத்தே வியர்த்துவிடும். வெளியே துடைத்துப் பயனில்லை. இதற்காகக் குழாயினுள்ளிருந்து காற்றை அகற்றி, உலர்ந்த நைதரசன் வாயுவை நிரப்பி அடைக்கின்றனர். மேலே கூறிய லியூப்போல்ட் நிறுவனத்து உரிமையாளர் ஒருவர், தமது தொலைகாட்டி வியர்த்ததால் மானொன்றைத் தவறவிட்ட கோபத்தில் இவ்வழியை நாடினார் என்பர். அவ்வாறு நிரப்பிய தொலைகாட்டியை அந்நிறுவனம் 1947 இல் வெளியிட்டது. வாங்கும்போது ‘நைதரசன் நிரப்பியது’ என்னும் உறுதியையும், வியர்த்தால் மாற்றித் தரும் உத்தரவாதத்தையும் எழுத்திற் கேட்டு வாங்குக. வாய்ச்சொல் போதாது.

தூரத்துக்கேற்ப இடமாறு தோற்றவழுவைத் திருத்தும் தனித் திருகிக்காகக் கூடுதலாகப் பணங் கேட்பர். கண்ணைச் சற்று ஆட்டினாற் குறுக்குக் கம்பி இலக்கை விட்டு நகர்வதுபோற் காணப்படும் குறை இது. நூறு யாருக்கு அமைத்த 32 மில்லிமீற்றர் வில்லையுடைய தொலைகாட்டியை நாற்பது யாரிற் பயன்படுத்தினால், இதனால் வரத்தக்க மிகக் கூடிய தவறு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே. பன்றியின் தோளில் ஒரு சென்ரிமீற்றர் ஒரு பொருட்டன்று. அப்பணத்தைப் பிடிவளையத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொலைகாட்டியைத் துவக்கோடு பிணைக்கும் பிடிவளையங்களையும் தாங்கியையும் கடைசியில் நினைத்து, மிகுந்த சில்லறைக்கு வாங்குவது வழக்கமாயிருக்கின்றது. குறி தவறுவதற்கு வில்லையிலும் பார்க்கத் தளர்ந்த பிடியே பெரும்பாலுங் காரணம். குழாயின் விட்டம் 25.4 மில்லிமீற்றரா 30 மில்லிமீற்றரா என்று அறிந்து அதற்குச் சரியான வளையமே வாங்கவேண்டும்; கடுதாசி சுற்றிச் சமாளித்தல் ஆகாது. விரற்கடை விளிம்பால் நெரித்தால் வளையும் மெல்லிய கலப்புலோகத்தை விலக்குக. தொலைகாட்டிக்கு நான்கு பங்கு செலவிடுபவர் பிடிக்கு ஒரு பங்காயினும் ஒதுக்குதல் தகும்.

பார்வைத்துண்டுக்கும் கண்ணுக்கும் இடையே விடவேண்டிய தூரத்தையும் அளந்து பார்க்கவும். விம்பம் முழுவதும் தெரியும் நிலையில் அது மூன்றரை அங்குலத்துக்குக் குறையலாகாது. குறைந்தால், துவக்கு உதைக்கும்போது உலோக விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். வில்லினால் இயங்கும் காற்றுத் துவக்குக்கு வாங்குவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை: அத்துவக்கு முதலிற் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதறும். பெரிய றைபிளின் உதையைத் தாங்கும் தொலைகாட்டியும் இவ்விரட்டை உதறலிற் குலைந்துபோகலாம். காற்றுத் துவக்குக்கு உரியதென்று செய்தோர் குறித்திருப்பதையே வாங்குக.

பிரபல அடையாளங்களைப் பொய்யாகப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு. பேர்பெற்ற நிறுவனத்தின் பொருள் பத்திலொரு விலைக்குக் கிடைக்குமாயின், அது அந்நிறுவனத்தின் பொருளன்று. பேரில்லாத எளிய தொலைகாட்டியே அதனிலும் நேர்மையானது. இயலுமாயின் மாலை ஆறரை மணிக்குக் கடைக்குச் செல்க. கடைவாயிலில் நின்று, தெருவுக்கு அப்பாலுள்ள நிழலான மூலையை ஒவ்வொரு தொலைகாட்டியூடும் மாறி மாறிப் பார்த்தாற் பதினைந்து நிமிடத்தில் வேற்றுமை விளங்கிவிடும். மத்தியான வெயிலில் எல்லாத் தொலைகாட்டியும் நல்ல தொலைகாட்டியே.

குறிசீர் செய்தல்

பொருத்திய பின்னர் குறிசீர் செய்யாத தொலைகாட்டி, தொலைகாட்டி இல்லாமையிலுங் கேடானது. மேலும் கீழும் நகர்த்த ஒரு திருகியும், வலமும் இடமும் நகர்த்த ஒரு திருகியும் அதில் உள. அவற்றைத் திருப்புகையில் ஒவ்வொரு படியும் ‘டிக்’ என்று கேட்கும். பெரும்பாலானவற்றில் ஒரு படி, நூறு யாரிற் கால் அங்குலம் நகர்த்தும். தூரங் குறையக் குறைய நகர்வுங் குறையும்: ஐம்பது யாரில் அரைக்கால் அங்குலம், இருபத்தைந்து யாரில் அதிலும் பாதி. ஆதலின் இருபத்தைந்து யாரில் ஓர் அங்குலம் நகர்த்த ஏறக்குறைய 16 படி திருப்பவேண்டும். மெற்றிக் அளவிலானவற்றில் ஒரு படி நூறு மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் எனக் குறித்திருக்கும்.

பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள பாதுகாப்பான இடத்தில், அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளுக்கு அமையவே இதனைச் செய்யவேண்டும். மணல் நிரப்பிய இரண்டு சாக்குகளிற் றுவக்கைக் கிடத்தி, இருபத்தைந்து யாரிற் கடுதாசி வைத்து மூன்று குண்டு சுடுக. ஒரு குண்டைப் பார்த்துத் திருகியைத் திருப்பலாகாது. மூன்றின் நடுவைக் கொண்டே திருத்தவேண்டும். அது சரியானபின் ஐம்பது யாரில் மீண்டும் மூன்று. தோட்டா அளவாகவே கிடைக்குமாதலால், ஒரு படி கூடவோ குறையவோ என்று விளையாடுதல் வேண்டாம். ஒரே வகைத் தோட்டாவையே தொடர்ந்து பயன்படுத்துக. வகை மாறினாற் குறியும் மாறும்.

வயலிற் கவனிக்கவேண்டியவை

இனிக் கூறப்போவது, இப்பிரசுரத்திலே எதை மறந்தாலும் மறக்கலாகாதது. என்ன உருவம் என்று அறிவதற்காகத் துவக்குத் தொலைகாட்டியை உயர்த்திப் பார்த்தல் கூடாது. அவ்வாறு பார்ப்பவர் இன்னதென்று தெரியாத ஒன்றை நோக்கிக் குண்டேற்றிய துவக்கை நீட்டுகின்றார். அவ்வுருவம் மடை திறக்க வந்த தம்பியாகவும் இருக்கலாம். முதலில் மின்சூளாலோ, கையிற் பிடிக்கும் இரட்டைக்கண் தொலைகாட்டியாலோ பார்த்துத் தெளிந்த பின்னரே துவக்கை எடுக்கவேண்டும். 7×50 என்னும் இரட்டைக்கண் தொலைகாட்டி, மேற்சொன்ன கணக்கின்படி 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலான கற்றையைத் தரும். இரவுக்கு மிக ஏற்றது. இரண்டில் ஒன்றுக்கே பணம் உண்டெனில் இதனையே வாங்குமாறு கூறுவோம். துவக்கில்லாத காவலாளும் இதனைப் பயன்படுத்தலாம். நான்கு வயற்காரர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துக் கொள்ளவும் இயலும்.

குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை முன்னரே பார்த்துக்கொள்க. எஸ்.ஜி. சன்னம் நாற்பது யாருக்கு அப்பாற் பன்றிக்கு நம்பத்தகாததாயினும், அறுநூறு யாருக்கு அப்பாலும் விழக்கூடும். சிறிய .22 றைபிளின் குண்டு ஒரு மைலைக் கடந்து செல்லும். பன்றியையோ வீழ்த்தாது, காயப்படுத்தவே செய்யும். நீர் நிறைந்த வயலிற் றாழ்வாகச் சுடும் குண்டு, சிறுவர் எறியும் ஓட்டைப்போல நீர்மேற் றத்தி வேறு திசையிற் பறக்கும். பரணிலிருந்து கீழ்நோக்கி, வரம்பு அல்லது மண்மேடு பின்னணியாக இருக்குமிடத்தே மட்டுஞ் சுடுதல் வேண்டும்.

சட்டம் பற்றிச் சில சொற்கள். துவக்குகள் 1916 ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்துக்கும், விலங்குகள் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் அவற்றின் பிந்திய திருத்தங்களுக்கும் உட்பட்டவை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தொலைகாட்டியை வாங்கும் முன்னரே, அதனை உங்கள் துவக்கிற் பொருத்த இடமுண்டா, இரவில் விளக்கு வைத்துச் சுடலாமா, எவ்விலங்கைச் சுடலாகாது என்பவற்றை மாவட்டச் செயலகத்திலும் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டறிக. பணங் கொடுத்தபின் கேட்பதிற் பயனில்லை. கட்டுத்துவக்கு வைப்பதும் பன்றிவெடி வைப்பதும் குற்றம். அவற்றிற் பன்றியோடு மனிதரும் மாடுகளும் யானைகளும் அகப்படுகின்றன.

பேணுதல்

எமது ஈரக் காற்றில் வில்லையின் மேற் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். படர்ந்தபின் நீக்குதல் அரிது. தோலுறையில் இட்டுப் பெட்டியிற் பூட்டிவைப்பதே இதற்கு விருந்து வைப்பதாகும். காவல் முடிந்து வந்ததும் வெளி ஈரத்தைத் துடைத்து, நிழலிற் காற்றாட வைக்கவும். பின்னர், இறுக்கமாக மூடத்தக்க பெட்டியில், நன்றாக வறுத்து ஆறவிட்ட அரிசியைத் தடித்த துணிப் பையிற் கட்டி உடன் வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கொரு முறை அரிசியை மீண்டும் வறுத்தெடுக்கலாம். சிலிக்காப் பொதி கிடைப்போர் அதனையே இடுக. வில்லையைச் சாரத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ தேய்க்கலாகாது. வயற்புழுதியிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறும். முதலிற் காற்றூதிப் புழுதியை நீக்கி, அதன்பின் கழுவி உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றுக. அடுப்படிக்கு மேலே பரணில் வைத்தாற் புகை படியும். வாகனத்தின் முன்கண்ணாடி அருகே வெயிலில் வைத்தால் அடைப்புகள் இளகும்.

பிடிவளையத் திருகாணிகளை இறுக்கியபின், திருகாணித் தலையிலிருந்து வளையம் வரைக்கும் நகப்பூச்சினால் ஒரு மெல்லிய கோடு இடுக. கோடு விலகியிருப்பின் திருகாணி தளர்ந்துவிட்டது என்பதை ஒரு பார்வையில் அறியலாம். பெரும்போகக் கதிர் தலைகாட்டும் முன் ஒரு முறையும், சிறுபோகத்துக்கு முன் ஒரு முறையும் மூன்று குண்டு சுட்டுக் குறியைச் சரிபார்த்து, எந்தத் தோட்டா, எத்தனை யார், எத்தனை படி திருப்பியது என்பவற்றை அக்கடுதாசியிலேயே திகதியோடு எழுதி, அனுமதிப்பத்திரத்துடன் வைத்துக்கொள்ளவும்.